கஸ்ஸோ ஓடியது, ஃபிளாக்ஷிப் நின்றது: இரண்டு மெத்தனால் ஆலைகளின் கதை

2024 ஆகஸ்டு நடுவில் டென்மார்க்கின் மின் நிறுவனமான ஓர்ஸ்டெட் தன் அரையாண்டு நிதிநிலையை வெளியிட்டது. அமெரிக்கக் கடற்கரைக் காற்றாலைகளில் பட்ட நட்டங்களுக்கு நடுவே இன்னொரு செய்தியும் இருந்தது. வட ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் கட்டிவந்த ‘ஃபிளாக்ஷிப் ஒன்’ என்ற மெத்தனால் ஆலையைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2023 மே மாதம்தான் அங்கே மண் வெட்டும் விழா நடந்திருந்தது. காற்றாலை மின்சாரத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு கப்பல் எரிபொருள் தயாரிக்க ஐரோப்பாவில் அப்போது கட்டப்பட்டுவந்த ஆலைகளில் அதுவே பெரியது.

ஒன்பது மாதம் கழித்து, 2025 மே 13 அன்று, டென்மார்க்கின் தென்கோடியில் ஆபென்ரோ நகரத்துக்கு அருகே கஸ்ஸோ என்ற சிற்றூரில், ஏறக்குறைய அதே அளவிலான இன்னொரு ஆலை திறக்கப்பட்டது. கட்டியது யூரோப்பியன் எனர்ஜி என்ற நிறுவனம். ஓர்ஸ்டெட்டோடு ஒப்பிட்டால் இது சின்னக் கம்பெனி.

இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்றுதான். தண்ணீரைப் பிளக்கும் எலக்ட்ரோலைசர்களை இரண்டுக்கும் கொடுக்க முன்வந்தது ஒரே சீமென்ஸ் எனர்ஜி. சந்தையும் வடக்கு ஐரோப்பியக் கப்பல் துறை என்ற ஒரே சந்தை. போதாக்குறைக்கு, மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இருந்த ஆலை நின்றுபோனது, மின்சாரம் விலை கூடிய இடத்தில் இருந்த ஆலை எழுந்து நின்றது. புதுப்பிக்கத்தக்க மெத்தனாலின் எதிர்காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மின்சார விலையில் தொடங்கி மின்சார விலையில் முடிப்பார்கள். இந்த இரண்டு ஆலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பாதிதான் என்பது தெரியும்.

ஒரு டன்னுக்குள் என்ன இருக்கிறது

மெத்தனால் மிக எளிய ஆல்கஹால். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 கோடி டன் மெத்தனாலைப் பயன்படுத்துகிறது. பசை, பெயின்ட், பிளாஸ்டிக், பிளைவுட், பெட்ரோல் கலவை என்று அது போகாத தொழில் இல்லை. அதில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும், சீனாவில் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

புதுப்பிக்கத்தக்க மெத்தனாலுக்கு இரண்டு வழிகள் உண்டு. வைக்கோல், மரக்கழிவு, சாணம், குப்பை போன்றவற்றை வாயுவாக்கிச் செய்வது பயோ மெத்தனால். மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கரியமில வாயுவோடு சேர்த்துச் செய்வது இ-மெத்தனால். கஸ்ஸோவும் ஃபிளாக்ஷிப்பும் இரண்டாம் வகை.

வேதியியல் சமன்பாடு பள்ளிப் புத்தகத்தில் அடங்கிவிடும். ஒரு டன் மெத்தனாலுக்கு 1.375 டன் கரியமில வாயுவும் 187.5 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இன்றைய கருவிகள் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் உறிஞ்சும். ஆக, ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 10,000 யூனிட். அந்த ஒரு டன்னை எரித்தால் கிடைப்பதோ 5,500 யூனிட்டுக்குச் சமமான வெப்பம். கிட்டத்தட்டப் பாதி வழியிலேயே போய்விடுகிறது. ஒரு மெகாவாட்-மணி, அதாவது ஆயிரம் யூனிட், 40 யூரோ என்று வைத்தாலும் மின்சாரத்துக்கு மட்டும் டன்னுக்கு 400 யூரோ. எரிவாயுவிலிருந்து வரும் மெத்தனால் அண்மை ஆண்டுகளில் பல சந்தைகளில் 300, 400 டாலருக்கே கிடைத்திருக்கிறது. ஆலையின் முதலீடு, வட்டி, கரியமில வாயுவைப் பிடிக்கும் செலவு எதுவும் இன்னும் சேரவில்லை.

இன்னொரு கணக்கும் கப்பல்காரருக்கு முக்கியம். ஒரு கிலோ மெத்தனாலில் 19.9 மெகாஜூல் ஆற்றல். கப்பல் எண்ணெயில் சுமார் 40. ஒரு டன் எண்ணெய் இருந்த இடத்தில் இரண்டு டன் மெத்தனால் ஏற்ற வேண்டும், தொட்டியின் கொள்ளளவோ இரண்டரை மடங்கு வரை போகும். அப்படியிருந்தும் கப்பல் துறை இதை விரும்புவதற்குக் காரணம் எளிமை. சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும். திரவ ஹைட்ரஜனைப் போலக் கடுங்குளிரில் வைக்க வேண்டியதில்லை, அம்மோனியாவைப் போலக் கசிந்த மாத்திரத்தில் மாலுமிகளின் மூச்சை அடைப்பதும் இல்லை. கோதன்பர்க்–கீல் இடையே ஓடும் ஸ்டீனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பல் 2015-லேயே மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. எஞ்சின் ஓடுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. அதில் ஊற்றப்பட்டது எரிவாயு மெத்தனால் என்பதை அந்தப் பெருமிதத்தில் பலர் சொல்வதில்லை.

இந்த வழிக்கும் முன்னோடி உண்டு. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்தை ஒட்டி, கார்பன் ரீசைக்ளிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 2012 வாக்கில் ஆண்டுக்கு 4,000 டன் தயாரிக்கும் ஆலையை ஓட்டிக் காட்டியது. ‘மெத்தனால் பொருளாதாரம்’ என்ற கருத்தை முன்வைத்த நோபல் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே நிறுவனத்தின் தொழில்நுட்பம் பிறகு சீனாவின் அன்யாங்கில் ஆண்டுக்கு 1,10,000 டன் ஆலையாக வளர்ந்தது. அங்கே ஹைட்ரஜன் வருவது கோக் உலை வாயுவிலிருந்து. வீணாகும் வாயுவைப் பிடிப்பது நல்ல காரியந்தான், ஆனால் அதைப் புதுப்பிக்கத்தக்கது என்று அழைக்க முடியாது.

ஃபிளாக்ஷிப் ஒன்: எல்லாம் இருந்தது

இந்தத் திட்டத்தை முதலில் உருவாக்கியது கோதன்பர்க்கின் லிக்விட் விண்ட் என்ற சிறு நிறுவனம். இடத்தேர்வு அருமையானது. ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் மரக்கழிவை எரித்து மின்சாரமும் ஊருக்கு வெந்நீரும் தரும் ஹோர்னபோரி நிலையம் இருக்கிறது. அதன் புகைபோக்கியிலிருந்து வரும் கரியமில வாயு மரத்திலிருந்து வந்தது, அதாவது அண்மையில் காற்றிலிருந்து இழுக்கப்பட்டது. ஐரோப்பிய விதிகளில் இந்த வேறுபாடு உயிர்நாடி. நிலக்கரிப் புகையைப் பிடித்துச் செய்த மெத்தனாலை ‘பசுமை’ என்று அழைக்கும் சலுகை அங்கே சில ஆண்டுகளுக்குத்தான். மரம், சாணம், நொதிப்பு ஆகியவற்றிலிருந்து வரும் வாயுவுக்கு அந்தக் கெடு இல்லை.

மின்சாரத்திலும் குறையில்லை. வட ஸ்வீடன் ஆறுகளின் நாடு. அணை மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் அந்த விலை மண்டலத்தில் தேவைக்கு மேல் இருப்பதால், அங்கே மொத்த விற்பனை விலை டென்மார்க்கின் விலையில் பாதிக்கும் கீழே இருந்த காலங்கள் உண்டு. 70 மெகாவாட் எலக்ட்ரோலைசர், ஆண்டுக்கு 50,000 டன்னுக்கு மேல் உற்பத்தி, 2025-இல் தொடக்கம் என்பது திட்டம். மெத்தனால் வினைகலனுக்கு டென்மார்க்கின் டாப்ஸோ. புகையிலிருந்து வாயுவைப் பிரிக்க கார்பன் கிளீன். பெயர்களைப் படித்தால் துறையின் முதல் வரிசைப் பட்டியல் மாதிரி இருக்கும்.

ஓர்ஸ்டெட் 2022 தொடக்கத்தில் 45 விழுக்காடு பங்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மீதியையும் வாங்கி, இறுதி முதலீட்டு முடிவையும் எடுத்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான மாதம் அதுதான். ஏனென்றால், உற்பத்தியாகப்போகும் 50,000 டன்னை இன்ன விலைக்கு, இத்தனை ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட நீண்டகால ஒப்பந்தம் கையில் இல்லாமலே அந்த முடிவு எடுக்கப்பட்டது. அன்றைய சூழலில் இது துணிச்சலாகத் தெரிந்தது. டென்மார்க்கின் கொள்கலன் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் அடுத்தடுத்து மெத்தனால் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கப்பல்கள் வரும்போது எரிபொருளுக்கு வரிசை நிற்கும் என்பது பொது நம்பிக்கை.

வரிசை நின்றது, விலை கேட்டது, போய்விட்டது. 2024 ஆகஸ்டில் ஓர்ஸ்டெட் சொன்ன காரணம் இரண்டு. தாங்கும் விலையில் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் கிடைக்கவில்லை, திட்டச் செலவு எதிர்பார்த்ததைவிட மிகவும் ஏறிவிட்டது. இதற்காக அது நட்டமாகக் கணக்கில் எழுதிய தொகை ஏறக்குறைய 150 கோடி டேனிஷ் குரோனர். திரவ எரிபொருள் திட்டங்களுக்கான முன்னுரிமையையும் அதோடு குறைத்துக்கொண்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் ஓஷன் விண்ட் காற்றாலைத் திட்டங்களைக் கைவிட்டபோதே ஓர்ஸ்டெட்டின் கையிருப்பு கரைந்திருந்தது. பங்காதாயம் நிறுத்தப்பட்டது, ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. வளமான ஆண்டாக இருந்திருந்தால் இன்னும் ஓராண்டு பொறுத்திருப்பார்களோ என்னவோ. ஆனால் பொறுத்திருந்தாலும் வாங்குபவர் வந்திருப்பார் என்பதற்கு அடுத்துவந்த நிகழ்வுகள் ஆதரவாக இல்லை.

கஸ்ஸோ: கையெழுத்து முதலில்

கஸ்ஸோவின் தொடக்கம் எதிர்த்திசையில் நடந்தது. 2021 பிப்ரவரியில் மெர்ஸ்க், கரிமச் சமநிலை மெத்தனாலில் ஓடக்கூடிய சிறிய கொள்கலன் கப்பலை 2023-இல் இறக்குவதாக அறிவித்தது. 2,100 கொள்கலன்கள் ஏற்றும் கப்பல். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் எரிபொருள் வேண்டும். அந்த 10,000 டன்னுக்காக 2021 ஆகஸ்டில் யூரோப்பியன் எனர்ஜியோடும் அதன் துணை நிறுவனமான ரீஇன்டகிரேட்டோடும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அதாவது, ஆலைக்கு அடித்தளம் போடுவதற்கு வெகு முன்பே அதன் முதல் வாடிக்கையாளரின் பெயர் ஊருக்கே தெரியும்.

கப்பல் சொன்னபடி வந்தது. தென்கொரியாவின் உல்சானில் கட்டப்பட்டு, சிங்கப்பூரில் எரிபொருள் நிரப்பி, கோபன்ஹேகன் வந்துசேர்ந்து, 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் கையால் ‘லாரா மெர்ஸ்க்’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஆலை மட்டும் வரவில்லை. 2023-இல் உற்பத்தி என்று சொன்னது 2025-க்குத் தள்ளிப்போனது. இடைக்காலத்தில் லாரா மெர்ஸ்க் ஓடியது கழிவு மீத்தேனிலிருந்து செய்த பயோ மெத்தனாலில். தாமதத்தை யாரும் பெரிதுபடுத்தவில்லை, ஆனால் முதல் ஆலை என்றால் அறிவித்த தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இத்துறையில் நான் கைக்கொள்ளும் விதி.

தாமதத்திற்கிடையே யூரோப்பியன் எனர்ஜி செய்த இரண்டு காரியங்கள்தான் ஆலையைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன். ஒன்று, ஜப்பானின் மிட்சுயி நிறுவனத்துக்கு 49 விழுக்காட்டை விற்று, சுமார் 15 கோடி யூரோ செலவின் பாரத்தைப் பகிர்ந்தது. மற்றொன்று, கப்பலை மட்டும் நம்பாமல் லெகோ, நோவோ நோர்டிஸ்க் ஆகிய இரு டேனிஷ் நிறுவனங்களையும் வாடிக்கையாளராகப் பிடித்தது. இதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

ஆலையின் உறுப்புகளைப் பார்த்தால் அது ஒரு கிராமியப் பொருளாதாரம். அருகே 304 மெகாவாட் சூரிய மின்பூங்கா. கரியமில வாயு டோன்டர் பகுதியின் சாண எரிவாயு ஆலையிலிருந்து வருகிறது. அங்கே சாணத்திலிருந்தும் பண்ணைக் கழிவிலிருந்தும் மீத்தேனைப் பிரித்தபின் மிஞ்சுவது ஏறக்குறையத் தூய கரியமில வாயு. புகையிலிருந்து கஷ்டப்பட்டுப் பிரிக்க வேண்டியதில்லை என்பதால் அந்தச் செலவு பெருமளவு மிச்சம். எலக்ட்ரோலைசரின் கழிவு வெப்பம் ஆபென்ரோ பகுதியில் சுமார் 3,300 வீடுகளின் வெந்நீர்க் குழாய்க்குப் போகும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. குளிர்நாட்டில் அதற்கும் விலை உண்டு.

இப்போது பெயர்ப்பலகைக் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். ஆலையின் திறன் ஆண்டுக்கு 42,000 டன் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. எலக்ட்ரோலைசரின் அளவு 52.5 மெகாவாட். மேலே சொன்ன விகிதத்தை வைத்துப் பெருக்கினால், 42,000 டன்னுக்கு அந்தக் கருவி ஆண்டில் 7,500 மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆண்டில் இருப்பதே 8,760 மணி. டென்மார்க்கில் சூரியத் தகடு முழுத் திறனில் தரும் நேரத்தைத் தொகுத்தால் ஆயிரத்துச் சொச்சம் மணிதான் தேறும். பூங்கா எலக்ட்ரோலைசரைவிட ஆறு மடங்கு பெரிதாக இருந்தாலும் அதன் ஆண்டு உற்பத்தி முழுவதும் ஆலையின் முழுத் தேவைக்குப் போதாது. தவிர, டிசம்பர் மாதத்து டேனிஷ் சூரியனைப் பற்றி நமக்குத் தெரியும். மீதிக்கு மின்கட்டத்திலிருந்து காற்றாலை மின்சாரம் வாங்க வேண்டும். அது விலை ஏறும் நேரத்தில் ஆலையை நிறுத்துவதே லாபம். ஆகவே 42,000 டன் என்பது ஆலையால் முடிந்த உச்சம். ஓராண்டில் உண்மையில் வெளிவரும் அளவை மின்சந்தை தீர்மானிக்கும். பசுமை எரிபொருள் ஆலைகளின் திறனைக் கூட்டிப் போட்டு வரும் உலக அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தத் தள்ளுபடியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய விதி இதை மேலும் இறுக்குகிறது. 2029 முடிய, ஒரு மாதத்தில் பயன்படுத்திய மின்சாரத்துக்கு ஈடாக அதே மாதத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியாகியிருந்தால் போதும். 2030 முதல் அதை மணிக்கு மணி பொருத்திக் காட்ட வேண்டும். இரவில் ஓட்டிவிட்டுப் பகல் வெயிலைக் கணக்குக் காட்ட முடியாது.

கிராமில் வாங்குபவர், டன்னில் எரிப்பவர்

லெகோவும் நோவோ நோர்டிஸ்க்கும் மெத்தனாலை எரிப்பதற்கு வாங்கவில்லை. மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடு, அதிலிருந்து பாலிஆக்ஸிமெத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். பொம்மையின் சக்கர அச்சு, இன்சுலின் பேனாவின் உள்ளுறுப்பு போன்ற சிறிய, தேயாத பாகங்கள் இதில்தான் செய்யப்படுகின்றன.

ஒரு பேனாவில் இந்தப் பிளாஸ்டிக் 10 கிராம் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அதற்கு 11 கிராம் அளவு மெத்தனால். பசுமை மெத்தனால் சாதாரண மெத்தனாலைவிட டன்னுக்கு 1,000 யூரோ கூடுதல் என்றே எடுத்துக்கொண்டாலும், பேனா ஒன்றுக்கு ஏறும் விலை ஒரு சென்ட்டை ஒட்டித்தான் இருக்கும். மருந்தின் விலைக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. அதே 1,000 யூரோ கூடுதலைக் கப்பல்காரரிடம் கொண்டுபோங்கள். அவருக்கு ஒரு டன் எண்ணெய்க்குப் பதில் இரண்டு டன் மெத்தனால். எண்ணெய் டன் 500, 600 டாலருக்குக் கிடைக்கும் துறைமுகத்தில் அவர் அந்தத் தொலைவை ஓட்ட ஐந்தாறு மடங்கு செலவழிக்க வேண்டியிருக்கும். எரிபொருள்தான் கப்பலின் மிகப் பெரிய நடப்புச் செலவுகளில் ஒன்று. அவர் பின்வாங்குவதைப் பேராசை என்று சொல்வது அநியாயம்.

இந்தப் பகுதிதான் என் வாதத்தின் மையம். மெத்தனால் எரிபொருள் மட்டும் அல்ல, மூலப்பொருளும் ஆகும். எரிபொருளாகப் பார்த்தால் அதன் விலை அழிவு, மூலப்பொருளாகப் பார்த்தால் அதன் விலை தூசு. கஸ்ஸோ இரண்டு வகை வாங்குபவரையும் ஒரே குழாயில் கோத்தது. ஃபிளாக்ஷிப் டன்கணக்கில் எரிப்பவருக்காகக் காத்திருந்தது. இந்தப் பத்தாண்டில் உயிர்பிழைக்கும் இ-மெத்தனால் ஆலைகள் பெரும்பாலும் கஸ்ஸோ வகையாகவே இருக்கும் என்று நான் கணிக்கிறேன். ஆனால் பொம்மைக்கும் பேனாவுக்கும் வேண்டிய அளவு சிறியது. அதை நம்பி நூறு கஸ்ஸோ கட்ட முடியாது.

சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது

கப்பல்காரருக்கு விலையை ஈடுகட்டச் சட்டத்தால்தான் முடியும். ஐரோப்பாவில் அது தொடங்கிவிட்டது. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ஃப்யூயல்இயு மாரிடைம் விதி, கப்பல் எரிபொருளின் கரிமச் செறிவை, அதாவது ஓர் அளவு ஆற்றலுக்கு வெளியாகும் வெப்பவாயுவை, முதலில் 2 விழுக்காடு, 2030-இல் 6, 2050-இல் 80 என்று குறைக்கச் சொல்கிறது. தவறினால் எண்ணெய்க்குச் சமமான டன்னுக்கு 2,400 யூரோ அபராதம். இ-மெத்தனால் போன்றவற்றுக்கு 2033 முடிய இரட்டை மதிப்பெண். ஒரு கப்பல் மிகையாகச் சேர்த்த மதிப்பெண்ணை மற்றக் கப்பல்களோடு பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு.

இந்தப் பகிர்வு விதி இரட்டை முனைக் கத்தி. இ-மெத்தனாலில் ஓடும் ஒரே கப்பல், எண்ணெயில் ஓடும் பல கப்பல்களின் 2 விழுக்காட்டை ஒட்டுமொத்தமாகத் தீர்த்துவிடும். எனவே அந்த ஒரு கப்பலின் எரிபொருளுக்கு நல்ல விலை கொடுக்கலாம். ஆனால் அதே காரணத்தால் இப்போதைக்கு அப்படி ஒன்றிரண்டு கப்பல்களே போதும். அந்த 2 விழுக்காட்டையும் பயோ டீசலையோ திரவமாக்கிய பயோ மீத்தேனையோ கலந்து மலிவாகத் தீர்த்துக்கொள்ள முடியும் என்றால், மெத்தனால் ஆலைக்கு வந்து யார் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போடுவார்கள்?

உலக அளவில் நிலைமை இன்னும் தளர்வு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் கப்பல்களுக்கான கரிம விலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் அதை முறைப்படி ஏற்க வேண்டிய கூட்டத்தில், அமெரிக்காவின் கடும் எதிர்ப்புக்கு நடுவே, முடிவை ஓராண்டு தள்ளிவைக்கும் தீர்மானம் 57-க்கு 49 என்று நிறைவேறியது. அன்று லண்டனில் தள்ளிப்போடப்பட்டவற்றில் எத்தனை ஆலைகளின் முதலீட்டு முடிவுகள் அடக்கம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மெர்ஸ்க்கின் நடத்தையே இதற்கு நல்ல காற்றுக்காட்டி. 2021-இல் மெத்தனாலைத் தலைமேல் தூக்கிவைத்த அதே நிறுவனம், 2024 டிசம்பரில் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில் ஓடும் கப்பல்களுக்கு ஆர்டர் போட்டது. மெத்தனாலைக் கைவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை, கைவிடவும் இல்லை. ஆனால் முட்டைகளை வேறு கூடைக்கும் மாற்றிக்கொண்டார்கள். உலகெங்கும் ஓடுவதும் கட்டப்படுவதுமாக 300-க்கும் மேற்பட்ட மெத்தனால் கப்பல்கள் கணக்கில் உள்ளன. எல்லாமே இரட்டை எரிபொருள் எஞ்சின் என்பதால், பசுமை மெத்தனால் கிடைக்காத நாளில் வழக்கமான எண்ணெயில் ஓடும். வாங்கியவருக்கு இது பாதுகாப்பு. ஆலைக்காரருக்கு இது தலைவலி, ஏனென்றால் அவருடைய வாடிக்கையாளர் ஒரு வால்வைத் திருப்பினால் போதும், வேறு கடைக்குப் போய்விடலாம்.

சீனத்து வைக்கோல்

ஐரோப்பா இப்படிக் கையைப் பிசைந்துகொண்டிருக்கையில் அளவு வேறிடத்தில் உருவாகிறது. 2023 நவம்பரில் மெர்ஸ்க், சீனக் காற்றாலை நிறுவனமான கோல்ட்விண்டோடு ஆண்டுக்கு 5,00,000 டன்னுக்கு உடன்பாடு செய்தது. கஸ்ஸோவைப் போலப் பன்னிரண்டு ஆலைகளின் அளவு. இடம் உள் மங்கோலியா. அடுத்த ஆண்டு லோங்கி நிறுவனத்தோடு இன்னொரு பயோ மெத்தனால் ஒப்பந்தம்.

அங்கே கையாளும் முறை கலப்பு. வைக்கோல், சோளத்தட்டை போன்றவற்றை வாயுவாக்கினால் கார்பன் கூடுதலாகவும் ஹைட்ரஜன் குறைவாகவும் கிடைக்கும். குறையும் ஹைட்ரஜனைக் காற்றாலை மின்சாரத்தால் ஈடுசெய்கிறார்கள். முழுக்க முழுக்க மின்சாரத்தை நம்பும் முறையைவிட ஒரு டன்னுக்கு வேண்டிய யூனிட் வெகுவாகக் குறைகிறது. நிலக்கரியை வாயுவாக்கி மெத்தனால் செய்யும் பழக்கம் அந்த நாட்டில் பல ஆண்டுகளாக ஊறியிருப்பதால், கொதிகலனும் வினைகலனும் பொறியாளரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். விளைபொருள் கழிவை வயலிலிருந்து திரட்டுவதுதான் அங்கே உண்மையான தடை. வைக்கோல் எடை குறைந்தது, இடம் அடைப்பது, ஆண்டில் சில வாரங்களே கிடைப்பது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடும்.

ஆயினும், 2030-க்குள் கப்பல்களில் ஊற்றப்படும் பசுமை மெத்தனாலில் பெரும்பகுதி இந்த வழியில் வரும் என்பதே என் கணிப்பு. தூய இ-மெத்தனால் அதன் பின்னால்தான் வரும்.

தூத்துக்குடியின் தொட்டி

2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால், 3.87 கோடி ரூபாயில் அமைந்த பசுமை ஹைட்ரஜன் சோதனைக் கூடத்தைத் திறந்துவைத்தார். கூடவே 35.34 கோடி ரூபாயில் 750 கன மீட்டர் கொள்ளளவுள்ள பசுமை மெத்தனால் பங்கரிங் (கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும்) வசதிக்கு அடிக்கல் நாட்டினார். காண்ட்லா–தூத்துக்குடி இடையே பசுமைக் கடல்வழி ஒன்றை உருவாக்குவது நோக்கம்.

750 கன மீட்டர் என்றால் எடையில் 590 டன் அளவு. லாரா மெர்ஸ்க் போன்ற ஒரு சிறு கப்பலுக்கு மூன்று வாரம் வரும். சோதனைக் கூடத்தின் ஹைட்ரஜன் மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் சற்றுக் கீழே. அதை வைத்து ஒரு டன் மெத்தனால் செய்ய ஏறத்தாழ ஒன்பது நாள் ஆகும், தொட்டியை நிரப்பப் பதினான்கு ஆண்டு. அந்தக் கூடம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகனத்துக்குமாக அமைக்கப்பட்டது, மெத்தனாலுக்காக அல்ல. இருந்தும் இரண்டு எண்களையும் ஒரே மேடையில் கேட்ட வாசகருக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு மெத்தனால் என்றால் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சி விஷச்சாராயம்தான் நினைவுக்கு வரும். பசுமை என்ற முன்னொட்டு சேர்ந்தால் நஞ்சு குறைவதில்லை. மூலக்கூறு அதேதான். அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி கிளம்பும். கப்பலில் இரட்டைச் சுவர்க் குழாய், நைட்ரஜன் போர்வை, ஆவி உணரி என்று இதற்கெல்லாம் முறைகள் வந்துவிட்டன. துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு டேங்கர் லாரியிலிருந்து ஒரு கேன் கூடக் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை. நம் ஊரில் அந்தக் கணக்குத்தான் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

வாங்குபவர் யார் என்ற கேள்வி இங்கேயும் வரும். உள்நாட்டுக் கடலோரக் கப்பலுக்கு ஐரோப்பிய அபராதம் கிடையாது, இந்தியாவில் அதற்கு ஈடான விதியும் இல்லை. ஐரோப்பா செல்லும் கொள்கலன்களில் கணிசமானவை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சிறு கப்பலில் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ஐரோப்பிய விதி கணக்கில் எடுப்பது ஐரோப்பியத் துறைமுகத்துக்கும் அதற்கு முந்தைய வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் இடையிலான பயணத்தில் பாதியை. தூத்துக்குடி–கொழும்புத் துண்டு அதற்குள் வராது. பசுமை எரிபொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கக் காரணமுள்ள கப்பல், தூத்துக்குடிக்கு வராமலே கொழும்பையோ சிங்கப்பூரையோ தொட்டுவிட்டுப் போய்விடும்.

எனவே தூத்துக்குடி நிரப்புமிடமாக இருப்பதைவிட மெத்தனால் செய்து விற்குமிடமாக இருக்க முயல்வதே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஆடியில் தரும் மின்சாரம் ஒரு பக்கம். மறுபக்கம், சர்க்கரை ஆலைகளின் எரிசாராய வடிப்பகங்கள். கரும்புப்பாகு நொதிக்கும்போது வெளிவருவது டோன்டர் சாண ஆலையில் கிடைப்பதைப் போல ஏறக்குறையத் தூய கரியமில வாயு, ஐரோப்பிய விதிப்படி காலவரம்பில்லாமல் ஏற்கத்தக்கது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து மெத்தனால் செய்யும் முயற்சி விந்தியாசல் நிலையத்தில் 2024-இல் நடந்து காட்டப்பட்டது. பொறியியலாக அது சாதனை, ஆனால் ஐரோப்பியச் சந்தையில் அதற்கு நிலைத்த பசுமைச் சான்று கிடைக்காது. அரசு அடுத்த 35 கோடி ரூபாயை எங்கே போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரு வடிப்பகத்தின் நொதிப்புத் தொட்டிக்கு மேல் குழாய் போட்டு, அந்த வாயுவிலிருந்து வரும் மெத்தனாலை வாங்கிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் அல்லது மருந்து நிறுவனத்தின் கையெழுத்தை வாங்கிவிட்டு, அதன்பிறகு எலக்ட்ரோலைசருக்கு டெண்டர் விடச் சொல்வேன்.